வீட்டு ஃபைல் சர்வர் திறக்க மறுக்கும்போது: அடியிலிருந்து மேலே சோதிக்கும் முறை

லினக்ஸ் கணினியின் ஃபோல்டர்களை விண்டோஸுக்குப் பகிரும் நிரலான சம்பாவைக் கொண்டு சர்வரை அமைத்து முடித்து, விண்டோஸ் கணினியில் அதன் முகவரியைத் தட்டியதும் 80070035 என்று முடியும் எண்ணோடு 'நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை' என்ற செய்தி வரும். அந்தச் செய்தியை அப்படியே நம்பி நெட்வொர்க்கை நோண்ட ஆரம்பித்தால் பொழுது போய்விடும். ஒரே செய்திக்குப் பின்னால் கேபிள் இருக்கலாம், ரவுட்டர் இருக்கலாம், சர்வரில் யூசர்நேமைத் தப்பாக அடித்த ஓர் எழுத்து இருக்கலாம். விண்டோஸ் கடைசியில் நின்று பார்ப்பதால், கீழே எது உடைந்தது என்று அதற்குத் தெரியாது.

எனவே வரிசையை மாற்றாதீர்கள். மின்சாரம், டிஸ்க், மவுன்ட் (டிஸ்க்கை ஒரு ஃபோல்டரோடு இணைப்பது), நெட்வொர்க், லாகின், ஃபோல்டர் அனுமதி என்று கீழிருந்து மேலே போங்கள். ஒவ்வொரு படிக்கும் அடுத்த படியைச் சாராத ஒரு சோதனை உண்டு. அது தேறிய பிறகே மேலே ஏற வேண்டும். இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்று அமைப்புகளைச் சேர்த்து மாற்றி, வேலை செய்தபின் எது காரணம் என்று தெரியாமல் போனால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டிவரும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சாதாரண வீட்டு அமைப்பு: ராஸ்ப்பெர்ரி பை அல்லது பழைய டெஸ்க்டாப், டெபியன் 12, அதன் மேல் சம்பா, யூஎஸ்பியில் ஒரு ஹார்டு டிஸ்க், டொமைன் எதிலும் சேராத தனிச் சர்வர். உபுண்டுவுக்கும் ராஸ்ப்பெர்ரி பை ஓஎஸ்ஸுக்கும் இதே படிகள் பொருந்தும்.

மின்சாரமும் டிஸ்க்கும்

பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் டிஸ்க் காணாமல் போவது, டிக் டிக் என்று சத்தம் வருவது, நேற்று எஸ்டிஏ என்ற பெயரில் இருந்த டிஸ்க் இன்று எஸ்டிபி ஆவது: மூன்றுமே பெரும்பாலும் மின்சாரப் பற்றாக்குறையின் அறிகுறிகள். ராஸ்ப்பெர்ரி பை 4-இல் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்து தரக்கூடியது 1.2 ஆம்பியர்தான். 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நொடியில் கிட்டத்தட்ட 1 ஆம்பியர் இழுக்கும். ஒரு டிஸ்க் தப்பித்துக்கொள்ளும், இரண்டாவதைச் செருகினால் இரண்டும் விழும். பை 5-இல் அடாப்டரைப் பொறுத்து இந்த அளவு மாறும். 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் யூஎஸ்பிக்கு 600 மில்லி ஆம்பியர் மட்டுமே கிடைக்கும். 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் 1.6 ஆம்பியர் வரை கிடைக்கும்.

சோதனை எளிது. பையில் விசிஜென்சிஎம்டி கட்டளையை 'கெட்_த்ராட்டில்டு' என்ற சொல்லோடு ஓட்டுங்கள். வெறும் பூஜ்யம் வந்தால் நல்லது. 50000 வந்தால் பூட் ஆன பிறகு எப்போதோ மின்னழுத்தம் குறைந்து, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 வந்தால் இந்த நொடியிலேயே குறைவாக இருக்கிறது. கைபேசி சார்ஜரை மாட்டியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். சார்ஜர் நன்றாக இருந்தாலும் மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் இறங்கிவிடும். நிரந்தரத் தீர்வு, தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப். அல்லது 12 வோல்ட் அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டிஸ்க் பெட்டி.

மின்சாரம் சரியாக இருந்தும் டிஸ்க் அறுந்தால் டிமெஸ்ஜி கட்டளை காட்டும் லினக்ஸ் பதிவைப் பாருங்கள். யூஏஎஸ் (யூஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் முறை) என்ற சொல்லும் 'ரீசெட்' என்ற சொல்லும் திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்க் பெட்டியில் உள்ள சாட்டா-யூஎஸ்பி சிப்புக்கும் லினக்ஸின் யூஏஎஸ் டிரைவருக்கும் ஒத்துப்போகவில்லை. எல்எஸ்யூஎஸ்பி கட்டளை அந்தச் சிப்பின் எண்ணைக் காட்டும். 152டி என்று தொடங்கினால் அது ஜேமைக்ரான் தயாரிப்பு. பூட் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் ஃபோல்டரில் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து, 'யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவிர்க்ஸ்=' என்பதோடு அந்த எண்ணையும் கடைசியில் ':யூ' என்பதையும் சேருங்கள். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும். இடையில் என்டர் தட்டிவிட்டால் அடுத்த முறை பை எழாது. வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் டிஸ்க் நிலையாக நிற்கும்.

பழைய டிஸ்க்கைச் சர்வருக்குக் கொடுக்கும் முன், டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் அறிக்கையில் நான்கு எண்களைப் பாருங்கள். 5, 197, 198 ஆகியவை பழுதான செக்டார்களைச் சொல்பவை. 197-க்கு நேரே பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முதலில் நகல் எடுங்கள். 199 ஏறிக்கொண்டே போனால் குற்றம் பெரும்பாலும் சாட்டா கேபிளில்தான். டெஸ்க்டாப்பில் அந்தக் கேபிளை மாற்றினால் ஏறுவது நின்றுவிடும், பழைய எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கும். யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்குக்கு '-டி சாட்' என்று சேர்த்தால்தான் பல பெட்டிகள் பதில் சொல்லும்.

மவுன்ட்: கோப்புகள் காணாமல் போகும் இடம்

டெஸ்க்டாப் சூழலோடு லினக்ஸை நிறுவியிருந்தால், செருகிய டிஸ்க் தானாகவே மீடியா ஃபோல்டருக்குள் உங்கள் பெயரின் கீழ் மவுன்ட் ஆகும். அந்த இடத்தைச் சம்பாவில் பகிர வேண்டாம். அது உங்கள் ஒருவருக்கு மட்டும் திறக்கும்படி பூட்டப்பட்ட பாதை. யாரும் லாகின் செய்யாத சர்வரில் அது மவுன்ட் ஆகாமலும் போகலாம். சர்வருக்கு எஸ்ஆர்வி ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்று ஒரு நிலையான இடம் உருவாக்கி, பூட் ஆகும்போது எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதுங்கள். எஸ்டிஏ1 போன்ற பெயர் மாறும், ஆகவே பிஎல்கேஐடி கட்டளை தரும் மாறாத அடையாள எண்ணான யூயூஐடியை எழுதுங்கள்.

அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், டிஸ்க் செருகப்படாத ஒரு நாளில் சர்வர் பூட் ஆகும்போது அவசர நிலைக்குள் போய் நின்றுவிடும். மானிட்டரோ கீபோர்டோ இல்லாத பெட்டியில், வேறு கணினியிலிருந்து உள்ளே வரும் வழியான எஸ்எஸ்ஹெச்சும் எழாது, சர்வரே செத்துவிட்டது போலத் தோன்றும்.

நோஃபெயில் போட்டதும் இன்னொரு சிக்கல் வரும், பலர் தடுமாறுவது இங்கேதான். டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, ஆனால் 'டேட்டா' என்ற வெற்று ஃபோல்டர் எஸ்டி கார்டில் இருக்கிறது. சம்பாவுக்கு வித்தியாசம் தெரியாது, அதையே பகிரும். வீட்டில் ஒருவர் படங்களை நகலெடுக்கிறார், அவை எஸ்டி கார்டில் போய் விழுகின்றன. 32 ஜிபி கார்டு நிறைந்ததும் சர்வர் திணறும். பிறகு டிஸ்க் மவுன்ட் ஆனதும், அந்தப் படங்கள் அதன் அடியில் மறைந்துவிடும். 'போட்ட படம் காணோம்' என்ற புகார் வந்தால் டிஸ்க்கை அன்மவுன்ட் செய்து அந்த ஃபோல்டரின் உள்ளே பாருங்கள். அங்கேதான் இருக்கும்.

தடுக்கும் வழி ஒரு கட்டளைதான். டிஸ்க்கை அன்மவுன்ட் செய்த நிலையில், வெற்று 'டேட்டா' ஃபோல்டரின் மேல் சிஹெச்ஏடிடிஆர் கட்டளையை '+ஐ' என்று ஓட்டுங்கள். இனி அந்த வெற்று ஃபோல்டரில் நிர்வாகிக் கணக்கான ரூட்கூட எழுத முடியாது. டிஸ்க் மவுன்ட் ஆனபின் அதன் சொந்த அனுமதிகளே செல்லும். டிஸ்க் இல்லாத நாளில் நகலெடுப்பு உடனே பிழை காட்டி நிற்கும். நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் சம்பாவின் யூனிட் கோப்பில் 'ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்' என்று எழுதி, டிஸ்க் வராவிட்டால் சம்பாவே தொடங்காதபடியும் செய்யலாம். ஆனால் பல டிஸ்க்குகள் இருந்தால் ஒன்றின் பழுது எல்லாப் பகிர்வையும் நிறுத்திவிடும். வீட்டுக்கு முதல் வழியே நல்லது.

என்டிஎஃப்எஸ் ஃபார்மெட்டில் இருக்கும் பழைய வெளி டிஸ்க்கை அப்படியே கொண்டுவந்து மாட்டுபவர்களுக்கு வரும் பிரச்சினை வேறு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது 'ஷட் டவுன்' என்பது பாதித் தூக்கம்தான். டிஸ்க் முழுதாக மூடப்படாமல் வரும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், அல்லது மவுன்ட் செய்யவே மறுக்கும். விண்டோஸில் அந்த வசதியை அணைத்து, முழுமையாக ஷட் டவுன் செய்து, செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகும். அதோடு என்டிஎஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ஃபேட்டிலும் லினக்ஸ் அனுமதிகள் நீங்கள் நினைப்பதுபோல் ஒட்டாது. சிஹெச்மாட் ஓட்டியும் எதுவும் மாறவில்லை என்றால் காரணம் இதுதான். மவுன்ட் வரியிலேயே யூஐடி, ஜிஐடி, யூமாஸ்க் கொடுக்க வேண்டும். முடிந்தால் உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மெட் செய்துவிடுங்கள். எப்போதும் சர்வரிலேயே இருக்கப்போகும் டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ் எதற்கும் உதவாது.

நெட்வொர்க்

ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது ரவுட்டர்களின் எண்ணிக்கை. இணைப்பு கொடுத்தவர்கள் வைத்துப்போன ஓஎன்டி பெட்டியே ஒரு ரவுட்டர். அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கிய வைஃபை ரவுட்டர் இரண்டாவது. சர்வர் இரண்டாவதிலும் லேப்டாப் முதலாவதிலும் இருந்தால் இணையம் இரண்டிலும் வேலை செய்யும், ஆனால் இரண்டும் வேறுவேறு நெட்வொர்க்குகள். சர்வரில் 'ஹோஸ்ட்நேம் -ஐ' (பெரிய எழுத்து ஐ) என்றும், விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்' என்றும் ஓட்டிப் பாருங்கள். ஒன்று 192.168.1.20, மற்றது 192.168.0.15 என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். அந்த முறை இல்லாவிட்டால் அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, முதல் ரவுட்டர் பயன்படுத்தாத ஒரு முகவரியை அதற்குக் கொடுத்து, கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து லேன் துளையில் செருகுங்கள்.

விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகள் சர்வரைப் பார்க்கவே முடியாது. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. சில ரவுட்டர்களில் முக்கிய வைஃபையிலும், கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுக்கும் 'ஏபி ஐசொலேஷன்' என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணைக்க வேண்டும்.

சர்வரின் ஐபி மாறாமல் இருக்க, ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் அதன் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்கி வையுங்கள். மின்வெட்டுக்குப் பின் 'நேற்று வேலை செய்தது, இன்று இல்லை' என்ற புகாரில் பெரும்பங்கு இதனால் தீரும்.

அடுத்து போர்ட் சோதனை. சம்பா காத்திருப்பது 445 என்ற போர்ட்டில். பிங் பதில் வருவது போதாது. விண்டோஸ் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' கட்டளையை சர்வரின் ஐபியோடும் '-போர்ட் 445' என்பதோடும் ஓட்டுங்கள். கடைசி வரியில் 'ட்ரூ' வந்தால் நெட்வொர்க் தேறியது, இனி அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். 'ஃபால்ஸ்' வந்தால் சர்வரில் 'எஸ்எஸ் -டிஎல்என்' ஓட்டிப் பாருங்கள். 445 பட்டியலிலேயே இல்லையென்றால் சம்பாவின் முக்கிய நிரலான எஸ்எம்பிடி ஓடவில்லை. 127.0.0.1:445 மட்டும் இருந்தால் சம்பா தன்னோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது. அமைப்புக் கோப்பின் 'இன்டர்ஃபேசஸ்' வரியில் ஈத்0 என்று எழுதியிருப்பீர்கள், உண்மையான பெயர் வேறாக இருக்கும். 0.0.0.0:445 இருந்தும் ஃபால்ஸ் வந்தால் ஃபயர்வாலைப் பாருங்கள். யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் இயங்கினால் வீட்டு நெட்வொர்க்கான 192.168.1.0/24-இலிருந்து சம்பாவுக்கு அனுமதி கொடுங்கள்.

விண்டோஸின் 'நெட்வொர்க்' பக்கத்தில் சர்வர் தெரியவில்லை என்பதைப் பழுதாக எண்ண வேண்டாம். அந்தப் பட்டியல் முன்பு எஸ்எம்பி1 (விண்டோஸ் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பு) காலத்து ஏற்பாட்டில் ஓடியது. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 வருவதில்லை. 2019-இல் வெளிவந்த சம்பா 4.11-உம் அதை இயல்பு நிலையில் அணைத்துவிட்டது. பட்டியலில் தெரிய வேண்டுமானால் சர்வரில் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு நிரலை நிறுவுங்கள். யூடிபி 3702, டிசிபி 5357 இரண்டையும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள். எஸ்எம்பி1-ஐ மறுபடி இயக்கச் சொல்லும் பழைய ஆலோசனைகளைப் பின்பற்றாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்த நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான்.

லாகின்: விருந்தாளியாக மாறிப்போகும் பொறி

இங்கிருந்து விண்டோஸை ஒதுக்கிவிட்டு, சர்வரிலேயே சோதியுங்கள். முதலில் டெஸ்ட்பார்ம் கட்டளை. அமைப்புக் கோப்பில் தப்பான சொல் இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். சம்பா சில தப்பான வரிகளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. பிறகு எஸ்எம்பிகிளையன்ட் கட்டளையால் 'லோக்கல்ஹோஸ்ட்' மேல் உள்ள பகிர்வை உங்கள் யூசர்நேமோடு திறந்து பாருங்கள். வரும் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

'லாகான் ஃபெயிலியர்' என்றால் யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு. 'பேட் நெட்வொர்க் நேம்' என்றால் பகிர்வின் பெயர் தவறு, அல்லது அந்தப் பகிர்வு சுட்டும் பாதையே டிஸ்க்கில் இல்லை. 'ஆக்சஸ் டினைடு' என்றால் லாகின் நடந்துவிட்டது, அனுமதிதான் தடுக்கிறது. அதற்கு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

லாகின் தவறுக்கு முதற்காரணம், லினக்ஸ் பாஸ்வேர்டும் சம்பா பாஸ்வேர்டும் ஒன்றுதான் என்று எண்ணுவது. இரண்டும் தனித்தனி. சம்பா தன் கணக்குகளைச் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. லினக்ஸில் கணக்கை உருவாக்கிய பின் எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி கட்டளையை '-ஏ' என்று ஓட்டி அதே பெயருக்குச் சம்பா பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். 'பிடிபிஎடிட் -எல்' (பெரிய எழுத்து எல்) ஓட்டினால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அந்தப் பட்டியலில் இல்லாதவர் உள்ளே வர முடியாது. விண்டோஸில் நீங்கள் அடிக்கும் நான்கு இலக்க பின்னுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது முக்கியமான பொறி. டெபியனோடு வரும் அமைப்புக் கோப்பில் 'மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்' என்று ஒரு வரி இருக்கிறது. தெரியாத யூசர்நேம் வந்தால் மறுக்காமல் விருந்தாளியாக உள்ளே விடு என்பது அதன் பொருள். விண்டோஸ் உங்களிடம் எதையும் கேட்பதற்கு முன்பே, கணினியில் நீங்கள் லாகின் செய்த பெயரைச் சர்வருக்குத் தானாக அனுப்பும். அந்தப் பெயர் சர்வரில் இல்லை, ஆகவே சம்பா விருந்தாளி ஆக்கிவிடும். விண்டோஸைப் பொறுத்தவரை லாகின் வெற்றி, அதனால் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியே வராது. பிறகு நடப்பது உங்கள் விண்டோஸ் பதிப்பைப் பொறுத்தது. பழைய பதிப்பில் ஃபோல்டர் திறக்கும், எழுத முடியாது, அல்லது 'அனுமதி இல்லை' என்று வரும். விண்டோஸ் 11 ப்ரோவின் 24ஹெச்2 பதிப்பில் விருந்தாளி இணைப்பே இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. செய்திகள் வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் எஸ்எம்பி கையொப்பமும் கட்டாயம், விருந்தாளி இணைப்பால் கையொப்பமிட முடியாது. ஆகவே 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது' என்ற செய்தி வரும். வீட்டுக் கணினியில் எந்த நிறுவனம் என்று குழம்பி, பலர் குரூப் பாலிசியில் பாதுகாப்பைத் தளர்த்திவிடுகிறார்கள். அது தவறான திசை. விண்டோஸில் எதையும் தொடத் தேவையில்லை.

சர்வரில் அந்த வரியை 'மேப் டு கெஸ்ட் = நெவர்' என்று மாற்றிச் சம்பாவை மறுதொடக்கம் செய்யுங்கள். இனி தெரியாத பெயர் வந்தால் சம்பா மறுக்கும், மறுப்பு வந்தால்தான் விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்கும். அந்தப் பெட்டியில் யூசர்நேமுக்கு முன்னால் சர்வரின் பெயரையும் ஒரு பின்சாய்வுக் கோட்டையும் சேர்த்து அடியுங்கள். மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் கணக்கில் விண்டோஸைப் பயன்படுத்துபவர்களுக்கு இது மிக அவசியம்.

மாற்றிய பிறகும் பழைய பிழையே வந்தால், விண்டோஸ் பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'நெட் யூஸ் * /டெலீட்' ஓட்டுங்கள். கன்ட்ரோல் பேனலின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சர்வரின் பெயரிலும் ஐபியிலும் சேமித்திருப்பவற்றை நீக்குங்கள். பிழை எண் 1219 வந்தால், ஒரே சர்வருக்கு இரண்டு யூசர்நேம்களில் போக முயன்றிருக்கிறீர்கள், விண்டோஸ் அதை அனுமதிக்காது. சோதனைக்காக மட்டும், ஒன்றைப் பெயரிலும் மற்றதை ஐபியிலும் திறந்தால் இரண்டு சர்வர்கள் என்று எடுத்துக்கொள்ளும்.

எது தவறு, பெயரா பாஸ்வேர்டா என்று சம்பாவின் பதிவே சொல்லும். குளோபல் பகுதியில் 'லாக் லெவல் = 3' என்று வைத்து ஒரு முறை முயன்று பாருங்கள். வார் ஃபோல்டரின் லாக் ஃபோல்டருக்குள் சம்பாவுக்கென்று இருக்கும் இடத்தில் அந்தக் கணினியின் பதிவு கிடைக்கும். 'நோ சச் யூசர்' என்றால் பெயர், 'ராங் பாஸ்வேர்டு' என்றால் பாஸ்வேர்டு. வேலை முடிந்ததும் 1-க்குத் திருப்பிவிடுங்கள். 3-இல் விட்டால் சர்வர் மெதுவாகும், எஸ்டி கார்டிலும் ஓயாமல் எழுதும்.

ஃபோல்டர் அனுமதி

வீட்டுக்குப் போதுமான பகிர்வுப் பகுதி இவ்வளவுதான்:

[டேட்டா]
பாத் = /எஸ்ஆர்வி/டேட்டா
வேலிட் யூசர்ஸ் = @வீடு
ரீட் ஒன்லி = நோ
ஃபோர்ஸ் குரூப் = வீடு
கிரியேட் மாஸ்க் = 0664
டைரக்டரி மாஸ்க் = 2775

'வீடு' என்பது குடும்பத்தார் எல்லோரையும் சேர்த்த லினக்ஸ் குழு. உண்மையில் எழுதும்போது குழு, பகிர்வு, யூசர் பெயர்களை இடைவெளியில்லாத ஆங்கிலச் சிற்றெழுத்தில் வையுங்கள், பல தொல்லைகள் குறையும். புதிய கோப்புகளின் அனுமதியைத் தீர்மானிக்கும் மாஸ்க் வரிகள் இல்லாவிட்டால் சம்பாவின் இயல்பான 0744 பொருந்தும். அப்போது அப்பா சேமித்த கணக்குக் கோப்பை அம்மா திறக்கலாம், திருத்த முடியாது. 'திறக்கிறது, சேமிக்கவில்லை' என்ற புகாருக்கு மூலம் இந்த இரண்டு வரிகள் விடுபட்டதுதான்.

சம்பா அனுமதித்தாலும் கடைசிச் சொல் லினக்ஸ் அனுமதிகளுடையது. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். அதோடு, கடைசி ஃபோல்டர் திறந்திருந்தால் போதாது, பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் உரிமை வேண்டும். 'நேம்ஐ -எல்' கட்டளைக்குப் பாதையைக் கொடுத்தால் படிப்படியாக எல்லா ஃபோல்டர்களின் உரிமையாளரையும் அனுமதியையும் ஒரே பட்டியலாகக் காட்டும். இந்தப் பகுதியில் ஒரே ஒரு கருவிதான் கையில் வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம். ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒன்றைப் பகிர்ந்தவர்கள் அடிக்கடி மாட்டுவது இங்கேதான். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 0750 என்று பூட்டப்பட்டே வருகின்றன. உள்ளே என்ன அனுமதி கொடுத்தாலும் மற்றவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். சம்பாவின் பதிவில் 'சிஹெச்டிஐஆர்' என்ற சொல்லோடு 'பெர்மிஷன் டினைடு' வந்தால் இதுதான்.

எஸ்எஸ்ஹெச் வழியாக சூடோ போட்டு நகலெடுத்த கோப்புகள் ரூட்டின் பெயரில் கிடக்கும். முதலில் குழுவை மாற்றுங்கள். பிறகு சிஹெச்மாட்டில் குழுவுக்குப் படிக்க, எழுத உரிமையோடு பெரிய எழுத்து எக்ஸ் கொடுங்கள். பெரிய எக்ஸ் ஃபோல்டர்களுக்கு நுழையும் உரிமை தரும், சாதாரணக் கோப்புகளை இயங்கும் நிரல்களாக மாற்றாது. எல்லாவற்றுக்கும் 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுப்பது வேண்டாம். பிரச்சினை மறைந்ததுபோல் தெரியும், ஆனால் புதிதாக உருவாகும் கோப்புகள் மாஸ்க்கின்படியே வருவதால் மறுநாளே திரும்பிவரும். அதற்குள் சர்வரில் ஓடும் எந்த நிரலும் உங்கள் கோப்புகளை அழிக்கலாம் என்ற நிலை வந்திருக்கும்.

ஒருவரைப் புதிதாகக் குழுவில் சேர்த்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புக்கு அது தெரியாது. எஸ்எம்பிடியை மறுதொடக்கம் செய்யுங்கள், அல்லது அவர் துண்டித்து மறுபடி இணையட்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு பிழை உண்டு. விண்டோஸில் பெயரின் நீளம் 255 குறியீடுகள் வரை போகலாம். இஎக்ஸ்டி4-இல் எல்லை 255 பைட்டுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் எடுக்கும். 'க' 3 பைட்டுகள், 'கி' 6 பைட்டுகள், 'க்ஷ' 9 பைட்டுகள். ஆகவே 85 குறியீடுகளோடு எல்லை முடிந்துவிடும், எழுத்துக் கணக்கில் அது ஏறக்குறைய 50. இணையத்திலிருந்து இறக்கிய சொற்பொழிவு, பாடல் வீடியோக்களின் நீண்ட தலைப்புகள் இதை எளிதில் தாண்டும். ஆயிரம் கோப்புகளை நகலெடுக்கும்போது சில மட்டும் பிழை காட்டி நிற்கும், அனுமதியைச் சந்தேகிப்பீர்கள். பெயரைச் சுருக்கிப் பாருங்கள். அனுமதிகளைத் தொட வேண்டாம். லினக்ஸில் உருவான பெயரில் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ இருந்தால் விண்டோஸில் அது அலைக்கோட்டுக் குறியோடு கூடிய புரியாத குறும்பெயராகத் தெரியும். அதற்கும் பெயர்மாற்றமே மருந்து.

வேகம்

நொடிக்கு 11 எம்பியில் நின்றால் எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸாக இருக்கிறது. ஜிகாபிட் இணைப்பில் 110 எம்பி அளவுக்கு வர வேண்டும். ஈத்டூல் காட்டும் 'ஸ்பீடு' வரியைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் கருவிகள் பேசாமல் 100-க்கு இறங்கிவிடும். ஆகவே முதலில் கேபிளை மாற்றுங்கள், அடுத்து ரவுட்டரின் துளையைப் பாருங்கள். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் லேன் துளைகளே 100-தான். அப்போது ஜிகாபிட் சுவிட்ச் ஒன்றை வாங்கி சர்வரையும் கணினியையும் அதில் செருகினால் போதும், ரவுட்டரை மாற்ற வேண்டாம்.

நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப்3 சோதனையில் 940 எம்பிபிஎஸ் வந்தும் நகலெடுப்பு மெதுவாக இருந்தால் டிஸ்க்தான் காரணம். எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) டிஸ்க்குகள் முதல் சில ஜிபி வரை ஓடிவிட்டுப் பிறகு படுத்துவிடும். சர்வரை வைஃபையில் இயக்கவே வேண்டாம். அதிலும் யூஎஸ்பி 3 டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும், பக்கத்தில் இருக்கும் வைஃபை நொண்டும்.

பழைய டிவிகள் சில எஸ்எம்பி1 மட்டுமே அறியும். அவற்றுக்காகச் சம்பாவைத் தளர்த்தாமல், டிவிகளுக்குப் படங்களை அனுப்பும் நிரலான மினிடிஎல்என்ஏவை நிறுவிப் படங்களை அந்த வழியில் கொடுங்கள்.

வெளியிலிருந்து கோப்பு வேண்டும் என்று ரவுட்டரில் 445-ஐத் திறந்துவிடாதீர்கள். வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக மட்டும் வாருங்கள்.

மின்வெட்டு

இஎக்ஸ்டி4-இன் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பைக் காக்கும், பாதி எழுதிய கோப்பைக் காக்காது. எஸ்டி கார்டு இன்னும் பலவீனமானது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை 'யூபிஎஸ்' நிலையில் வையுங்கள். சாதாரண நிலையில் மாறும் நேரம் கூடுதல் என்பதால் சர்வர் மறுதொடக்கம் ஆகிவிடும். தனி யூபிஎஸ் வாங்குவதாக இருந்தால் யூஎஸ்பி தகவல் துளை உள்ளதாகப் பாருங்கள். அது இல்லாத யூபிஎஸ் பேட்டரி தீரப்போவதைச் சர்வருக்குச் சொல்ல முடியாது. துளை இருந்தால், யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் என்யூடி நிரலை நிறுவி, பேட்டரி குறைந்ததும் சர்வர் தானாக ஷட் டவுன் ஆகும்படி செய்யலாம். அமைத்ததோடு விட்டுவிடாமல், யாரும் நகலெடுக்காத நேரமாகப் பார்த்து யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, சர்வர் முழுதாக அணையும் வரை இருந்து பாருங்கள். மின்சாரம் திரும்பியதும் அது தானாக எழுகிறதா, டிஸ்க் மவுன்ட் ஆகிறதா, 445 திறந்திருக்கிறதா என்பதையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.